வெள்ளீயத்துக்கும் மீசை முளைக்கும்!



மீசை முளைப்பது நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உலோகத்துக்கும் முளைக்குமாம். சிரிக்காதீங்க மக்கா, சங்கதி சீரியஸாக்கும்!

பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம்' பூசுவார்களே, அது உண்மையில் வெள்ளீயம். ஐ.சி. கால்களுக்கும் கனெக்டர்களுக்கும் பெரும்பாலும் அதே பூச்சுதான். தூய வெள்ளீயப் பூச்சுக்குள் அழுத்தம் தங்கிவிட்டால், அது தணிவதற்காக மெல்லிய கம்பிகள் தானாகவே வெளியே வளரும். கரண்டும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். தடிமன் சில மைக்ரான்தான்; நீளமோ ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும். பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட்!

1998 மே 19-ல் அமெரிக்காவின் கேலக்ஸி 4 சாட்டிலைட் செயலிழந்து, கோடிக்கணக்கான பேஜர்கள் ஊமையாயின. வெள்ளீய மீசைதான் காரணம் என்றார்கள். 2005-ல் கனெக்டிகட்டின் மில்ஸ்டோன் அணு உலை ஒன்று அநாவசியமாக நின்றதும் இதனால்தான்.

கொஞ்சம் காரீயம் கலந்தால் மீசை பெரும்பாலும் அடங்கும். ஆனால் காரீயம் விஷம். அதனால் ஐரோப்பா 2006-லும், நம் நாடு 2011-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளிலும், சில விலக்குகளோடு, அதற்கு 0.1 சதவீதம் என்று வரம்பு கட்டின. அது சரிதான். பழைய போர்டை எரித்துச் செம்பு எடுக்கிறவனும் மனுஷன்தானே! அடியில் நிக்கல் பூசுவது போன்ற மாற்று வழிகளும் இருக்கின்றன.

நான் கேட்பது வேறு. அஞ்சுகிராமத்தைச் சுற்றிக் காற்றாலைகள் சுழலுது. அப்படி ஒன்றில் பயிற்சிக்குப் போயிருந்தேன். கோளாறு என்று கழற்றி வந்த கன்ட்ரோல் போர்டை அண்ணாச்சி ஒருவர் பிரஷ்ஷால் தட்டினார், மாட்டினார், ஓடியது. ரிஜிஸ்டரில் 'கோளாறு இல்லை' என்று எழுதினார். மூணு வாரத்தில் அதே போர்டு திரும்பி வந்தது. முதலில் இருந்தது மீசையா, தூசியா, தளர்ந்த கனெக்டரா? யாருக்குத் தெரியும்? சாட்சியைத்தான் துடைத்துவிட்டோமே! மீசையாக இருந்தால், கை பட்டாலே உதிர்ந்துவிடும். பொறவு மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

நாளைக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப்போவது நாம். துடைக்கும் முன் பார்ப்போம்: டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து, ஐந்து நிமிடம். தெரியாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுவோம். 'கோளாறு இல்லை' என்பது பொய். அடுத்து வருகிறவனை அது ஏமாற்றும்.

நம் லேபுக்கு நல்ல லென்ஸ் ஒன்று வேண்டும் என்று யூனியன் இந்த வருஷமே கேட்கட்டும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இந்தச் சிறு துரும்பு சாட்டிலைட்டையே முடக்கும்!