வெப்பத்துக்கு வழி விடுங்கள்!



என் பழைய மாணவர் ஒருவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறார். பொங்கலையொட்டி ஒரு நாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. நமக்கு அது பனிக்காலம். பூமியின் தென்பாதியில் வாழும் அவர்களுக்கோ நடுக்கோடை. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பர் டிரெய்லர் ஒன்றில், பெர்த் நகருக்கு வடகிழக்கே குடும்பத்துடன் சுற்றுலா போயிருந்தார். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கொண்ட நகரும் வீடு அது.

“சார், வெளியே 41 டிகிரி. பெட்டி குளிரையே உண்டாக்க மாட்டேன் என்கிறது. உள்ளே 14 டிகிரி. பால் கெட்டால் போகட்டும், அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருக்கிறது” என்றார்.

திறக்காத இன்சுலின் மருந்தை 2° முதல் 8° செ. வரையுள்ள வெப்பநிலையில் வைக்க வேண்டும். அடுத்த ஊரோ பல மணி நேரப் பயணம். நான் அவசரப்பட்டு, “குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிப் பாரப்பா” என்றேன். “நேற்றே திருப்பிவிட்டேன், சார்” என்றார். ஆண்டுதோறும் வகுப்பில் வெப்பவியல் நடத்தும் நான் சொன்ன யோசனை அவ்வளவுதான்!

என் பிழை எங்கே? ‘குளிரை உண்டாக்குவது’ என்ற பேச்சை நானும் அப்படியே ஏற்றுக்கொண்டதுதான். எந்தப் பெட்டியும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறோம். வாய்க்கால் அடைபட்டிருந்தால் இறைத்த நீர் கிணற்றுக்கே திரும்பும். அப்போது இன்னும் வேகமாக இறைப்பதா, வாய்க்காலைத் திறப்பதா? கோடையில் குளிர்சாதனப் பெட்டி சோர்ந்தால் முதலில் கவனிக்க வேண்டியது முன்பக்கக் குமிழை அல்ல, பின்பக்கக் காற்று வழியை என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய வண்டிகள் பலவற்றில் உள்ள பெட்டி வீட்டுப் பெட்டியைப் போன்றதன்று. 1922 இல் ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாயிருந்த பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவர் கண்ட அமைப்பு அது. இதில் கம்ப்ரஸர் இல்லை. சுழலும் பாகம் எதுவுமே இல்லை. சிறிய எரிவாயுச் சுடர் ஒன்று போதும். அமோனியா கரைந்த நீரைச் சுடர் சூடாக்குகிறது. அமோனியா ஆவியாகி மேலேறி, பின்புறக் குழாய்களில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அத்திரவம் ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி மீண்டும் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டியின் உட்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இப்படித்தானே? பிறகு அந்த அமோனியா நீரில் கரைந்து சுடருக்கே திரும்புகிறது. கரையும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது.

இப்போது ஒரு கணக்கு. சுடரிலிருந்து 100 ஜூல் வெப்பம் பெற்றால், இந்த அமைப்பு பெட்டிக்குள்ளிருந்து ஏறத்தாழ 25 ஜூல் எடுக்கும். ஆற்றல் அழிவதில்லை, ஆகவே மொத்தம் 125 ஜூலும் பின்புறக் காற்றில் சேர வேண்டும். வீட்டுப் பெட்டியோ 100 ஜூல் மின்னாற்றலைக் கொண்டு 200 ஜூல் எடுத்தால், 300 ஜூலை வெளியே தள்ளும். அதாவது, எடுக்கும் ஒவ்வொரு ஜூலுக்கும் வீட்டுப் பெட்டி கொட்டுவது ஒன்றரை ஜூல். வண்டிப் பெட்டி கொட்டுவது 5 ஜூல்! அதன் முதுகுக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்பது விளங்குகிறதல்லவா?

கோடை இதை இருபுறமும் தாக்குகிறது. பெட்டிக்குள் 4°, வெளியே 24° என்றால் வேறுபாடு 20°. வெளியே 44° ஆனால் வேறுபாடு 40°. சுவர் வழியே உள்ளே கசியும் வெப்பம் இரு மடங்காகிறது. அதே வேளையில் அமோனியாவும் திரவமாக மறுக்கிறது. 40° வெப்பநிலையில் அது திரவமாவதற்குச் சுமார் 15 வளிமண்டல அழுத்தம் போதும்; 60° இல் சுமார் 26 வேண்டும். குழாய்களுக்குள் உள்ள வாயுவின் அளவோ தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. குமிழைத் திருப்பி அதைக் கூட்ட முடியாது.

“பெட்டியின் பின்புறத்தில், மேற்பகுதிக் காற்றின் வெப்பநிலையை அளந்து சொல்” என்றேன். 58°! வெளிச்சுவரில் கீழொன்றும் மேலொன்றுமாக இரு காற்றுத் துவாரங்கள் இருந்தன. கீழ்த் துவாரத்தைச் செம்மண் தூசி அடைத்திருந்தது. போதாக்குறைக்கு அந்தச் சுவர் மாலை வெயிலைப் பார்த்து நின்றது.

சுடரை அணைத்துவிட்டுத் தூசியை அகற்றினார். அந்தச் சுவர் தெற்கு நோக்கும்படி வண்டியைத் திருப்பினார். அங்கு நண்பகல் நிழல் தெற்கே விழும். தம்ளர் நீரை வைத்துப் பார்த்து வண்டியைச் சமதளமாக்கினார். இந்தக் குழாய்களில் திரவம் புவியீர்ப்பால் ஓடுவதால் சாய்வு ஆகாது. குழந்தைக்காக வைத்திருந்த 12 வோல்ட் சிறு மின்விசிறியை, சுடருக்கு எட்டாதபடி, மேல் துவாரத்தில் காற்றை வெளியே தள்ளுமாறு பொருத்தினார். அதுவரை இன்சுலினைத் துணியில் சுற்றி, பனிக்கட்டியைத் தொடாமல் ஒரு பனிப்பெட்டியில் வைக்கச் சொன்னேன். உறைந்துபோனாலும் அம்மருந்து கெட்டுவிடும். மறுநாள் காலை பெட்டிக்குள் 6°. ஊர் திரும்பியதும் ஒரு தொழிலாளியைக் கொண்டு நிலையான விசிறிகளைப் பொருத்தினார். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே இருந்த அகன்ற வெற்றிடத்தில் காற்று குழாய்களைத் தொடாமலே நழுவியது. அலுமினியத் தகடு ஒன்று இப்போது அதைக் குழாய்களின் பக்கம் திருப்பிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. சுடர் எரியும் இடம் இது. துவாரத்தை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரலாம். அமோனியா நெடி அடித்தால் உடனே அணைத்துவிட்டு விலக வேண்டும். இவை சிறுவர் செய்து பார்க்கும் சோதனைகள் அல்ல.

“இவ்வளவு பாடு எதற்கு? கம்ப்ரஸர் பெட்டி வாங்கிவிடலாமே” என்பார் சிலர். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்பிள் பார் என்னும் ஊரில் 1923-24 கோடையில் தொடர்ந்து 160 நாட்கள் 100° பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வெயில் காய்ந்தது. அத்தகைய இடத்துக்குப் புதிதாக வாங்குவோருக்கு நானும் கம்ப்ரஸரையே சொல்வேன். ஆனால் அதையும் காற்றுப் புகாத அலமாரிக்குள் திணித்தால் அதுவும் திணறத்தான் செய்யும். பொருளை மாற்றலாம், வெப்பம் வெளியேற வேண்டும் என்ற விதியை மாற்ற முடியாது.

நம் வீடுகளிலும் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே துணி போர்த்தி, பிறகு “குளிர்ச்சி போதவில்லை” என்கிறோம். இன்றே உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்புறத்தையும் பக்கங்களையும் பாருங்கள். எந்தப் பக்கம் சூடாக இருக்கிறது? அங்கே காற்று போக இடம் உண்டா? ஒரு வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சற்று நகர்த்தித் தரும்படி பெரியவர்களைக் கேளுங்கள். மறுநாள் மீண்டும் அளங்கள். தேர்வுக்காகப் படித்த வெப்பவியல் உங்கள் சமையலறையிலேயே வேலை செய்வதைக் காண்பீர்கள். நான் கல்லூரியில் படிப்பித்தும் மறந்துபோனதை, நீங்கள் பள்ளியிலேயே மறவாமல் கற்றுக்கொள்ளுங்கள்!