வாங்கியவனின் ஆசையைக் கண்டிக்கிறோம். விற்றவனின் மறைப்பை யார் கண்டிப்பது?



கடந்த ஆண்டு என் சகோதரியின் மகன் துபாயில் பழைய ஃபோர்ட் மஸ்டாங் கார் ஒன்றை வாங்கினான். விலை 42,000 திர்ஹம். நான்கு ஆண்டுகள் ஒரு கிடங்கில் கணக்கெழுதி, ஊருக்கு அனுப்ப வேண்டியதை மாதந்தோறும் அனுப்பியபின் மீந்த பணம் அது. வங்கிக் கடன் இல்லை. ஒரு திர்ஹம் வட்டியும் இல்லை. விற்றவர் அந்நியரும் அல்லர். நம் கடற்கரை ஊர்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். ஜமாஅத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர். "காக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் மாமா" என்றான் பிள்ளை. நானும் மறுக்கவில்லை.

மூன்று மாதங்களுக்குப்பின் ஹாரன் வேலை செய்யவில்லை. கராஜில் ஸ்டியரிங்கின் நடுமூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஏர்பேக் இல்லை. அது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியாதிருப்பதற்காக இரண்டு ஒயர்களுக்கு நடுவே ஒரு சிறு ரெசிஸ்டர் இணைக்கப்பட்டிருந்தது. சேஸிஸ் எண்ணைக் கொண்டு தேடியபோது எஞ்சிய கதையும் வெளிவந்தது: அமெரிக்காவில் பெரும் விபத்துக்குள்ளாகி, காப்பீட்டு நிறுவனத்தால் கைவிடப்பட்டு, ஏலத்தில் போய், கப்பலேறி வந்து, ஒட்டிப் பூசி நிறுத்தப்பட்ட வண்டி அது.

விற்றவரிடம் கேட்டோம். "பழைய வண்டிதானே தம்பி? உள்ளது உள்ளபடி என்று சொல்லித்தானே விற்றேன்? நீயும் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினாய்?" என்றார். தமக்கு அது தெரியாது என்று மட்டும் அவர் சொல்லவேயில்லை.

ஊர்க்காரர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். பேசியவர்கள் அனைவரும் பிள்ளைக்கே உபதேசம் செய்தார்கள். இந்தச் சம்பளத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்றார் ஒருவர். ஆடம்பரத்துக்கு அல்லாஹ் தந்த பாடம் என்றார் மற்றொருவர். விற்றவரை நோக்கி ஒரே ஒரு கேள்வியைக்கூட எவரும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

ஆசைப்பட்டது குற்றமா?

விரைந்து செல்லும் வாகனத்தின்மீது இளைஞனுக்கு உண்டாகும் ஆசையை மார்க்கம் வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் தூரம் வகுத்தார்கள். அப்பந்தயத்தில் தாமும் கலந்துகொண்டதாக இப்னு உமர் (ரலி) அவர்களே அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது.

மார்க்கம் தடுப்பவை வேறு: வீண்விரயம், பெருமையடித்தல், வட்டி, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல். பெற்றோருக்கு அனுப்பவேண்டியதை நிறுத்திவிட்டோ கிரெடிட் கார்டை அடகு வைத்ததுபோல் ஆக்கிக்கொண்டோ இந்த வண்டியை வாங்கியிருந்தால் அவனைக் கண்டிப்பவர்களில் நானே முதல் ஆளாக நின்றிருப்பேன். நெடுஞ்சாலையில் பிறரை அச்சுறுத்தி ஓட்டியிருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பேன். அவன் இவற்றில் எதையும் செய்யவில்லை. தன் உழைப்பில் மிஞ்சியதைக் கொண்டு ஆகுமான பொருளொன்றை வாங்கினான். அவனிடம் குற்றம் தேடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. ஏனெனில் அவன் இளையவன், எதிர்த்துப் பேசமாட்டான். விற்றவரோ நாளை நம் பிள்ளைக்கு வேலை பார்த்துத் தரக்கூடியவர். நம் உபதேசம் ஆளைப் பார்த்து வழி மாறுகிறது என்பதே உண்மை.

மடி கட்டிய ஒட்டகம்

மீட்டரைத் திருப்புவதும் விளக்கை ஏமாற்றுவதும் நம் காலத்துத் தந்திரங்கள் என நினைக்கிறோம். அரேபியச் சந்தையில் இதற்கு மூத்த வடிவம் ஒன்று இருந்தது. ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றும்படி செய்து விற்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அத்தோடு நிற்கவில்லை, ஏமாந்தவன் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையெனில் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீர்வும் வகுத்தார்கள். 'நீ கண்ணால் பார்த்துத்தானே வாங்கினாய்?' என்று வாங்கியவனை அவர்கள் கேட்கவில்லை. அவன் பார்த்தது உண்மைதான். ஆனால் பார்த்த மடியே பொய்யாக இருந்தது. எரியாத விளக்கைப் பார்த்து வாங்கிய என் மருமகனின் நிலையும் அதுவே.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் வணிகரிடம் கேட்ட செய்தியை நாம் எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! ஈரத் தானியத்தை உண்டவன் பணத்தை இழப்பான். ஏர்பேக் இல்லாத வண்டியை ஓட்டுபவன் உயிரையே இழக்கக்கூடும். எது பெரிய மோசடி?

'உள்ளபடி விற்றேன்' என்னும் கேடயம்

குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் விற்றவரின் கடமை தீர்ந்ததா? இக்கேள்வி நபித்தோழர்கள் காலத்திலேயே எழுந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள், அக்கால வழக்கப்படி தம் அடிமை ஒருவரை, குறைகளுக்குப் பொறுப்பேற்பதில்லை என்ற நிபந்தனையோடு 800 திர்ஹமுக்கு விற்றார்கள். வாங்கியவர், தம்மிடம் சொல்லப்படாத நோய் ஒன்று அந்த அடிமைக்கு இருப்பதாக வழக்குத் தொடுத்தார். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் நிபந்தனையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விற்றபோது அந்நோயைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முவத்தாவில் பதிவான நிகழ்ச்சி இது.

ஆக, நிபந்தனை இருந்தும் கேள்வி ஒன்றுதான்: உனக்குத் தெரியுமா, தெரியாதா? நம் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும், அறிந்தே மறைத்த குறையிலிருந்து இத்தகைய நிபந்தனையால் தப்பிக்க இடம் தருவதில்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் எங்கள் கூட்டத்தில் எவரும் கேட்கத் துணியவில்லை.

அறிந்தவனும் வாய் திறக்கவேண்டும்

வாஸிலா (ரலி) என்னும் நபித்தோழரின் முன்னிலையில் ஒருவர் ஓர் ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். வாங்கியவர் சென்றபின் வாஸிலா அவர்கள் பின்னால் விரைந்தோடி, "இறைச்சிக்கா, சவாரிக்கா?" என்று வினவினார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் ஒரு துளை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர்ந்து நடக்க அதனால் இயலாது என்றும் தெரிவித்தார்கள். வியாபாரம் கெட்டதே என்று விற்றவர் வருந்தியபோது, குறையை அறிந்த எவரும் அதைச் சொல்லாதிருப்பது ஆகுமானதன்று என்ற நபிமொழியை எடுத்துக்காட்டினார்கள்.

வாஸிலா அவர்கள் விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், தரகும் பெறவில்லை. ஆயினும் ஓடினார்கள். எங்கள் நிகழ்வில் அந்த வண்டியைச் செப்பனிட்ட மெக்கானிக் அறிவார். கூட இருந்த நண்பர்கள் இருவர் அறிவார்கள். பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 'நமக்கேன் வம்பு' என்று இருந்துவிட்டார்களாம். ஒட்டகத்தின் குளம்புக்காக ஒருவர் ஓடிய சமுதாயத்தில், ஒரு பிள்ளையின் உயிருக்காக ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லாமற் போயிற்று.

வாங்குவோருக்குச் சில சொற்கள்

நம்பிக்கை வேறு, அலட்சியம் வேறு. குறைந்த பணத்தில் இத்தகைய வண்டியை நாடுவோர் பின்வருவனவற்றை விட்டுவிடக் கூடாது.

முதலாவது, சேஸிஸ் எண். 17 எழுத்துகள் கொண்ட அதில் முதலெழுத்து 1 என்றால் அமெரிக்கத் தயாரிப்பு. பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும். 2015 முதலான மஸ்டாங் ஜிடியில் எட்டாவது எழுத்து எஃப் என்றிருக்கும்; அது 5.0 லிட்டர் வி8 எஞ்சினைக் குறிக்கும். பின்புறத்தில் ஜிடி என்ற எழுத்தை எவரும் ஒட்டிவிடலாம். அந்த எண்ணைக் கொண்டு அமெரிக்க விபத்து வரலாற்றை இணையத்திலேயே பெறமுடியும்.

இரண்டாவது, வெள்ளம். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், சாலைகளில் கார்கள் மூழ்கி நின்றதையும் மறந்துவிடாதீர்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியையும், இருக்கைகளுக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, ஏர்பேக். எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைவது மட்டும் சான்றாகாது. விற்பவரோடு தொடர்பில்லாத கராஜில் பணம் கொடுத்துச் சோதியுங்கள்.

நான்காவது, கணக்கு. கையில் 40,000 இருந்தால் 40,000 திர்ஹம் வண்டியைத் தேடாதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது பழுதுபார்ப்புக்கு ஒதுக்குங்கள். முழுக் காப்பீடு கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். விபத்து வரலாறுள்ள இறக்குமதி வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை.

இறுதியாக

அந்த வண்டியை மருமகன் விற்றாகவேண்டிய நிலை வந்தது. "மூடியைப் பழையபடி மாட்டி, வந்த விலைக்கே தள்ளிவிடு, உனக்கும் அப்படித்தானே வந்தது?" என்று அறிவுரை கூறியவர்களும் நம்மவர்களே. ஒருநாள் இரவு என்னை அழைத்தான். "மாமா, சொல்லித்தான் விற்கணுமா? சொன்னால் பாதி விலைகூட வராதே" என்றான். சொல்லித்தான் விற்கவேண்டும் என்றேன். சொல்லும்போது என் குரல் உறுதியாக இல்லை; இழக்கப்போவது என் பணமன்று.

விபத்து வரலாறு, ஏர்பேக் இல்லாமை, மீட்டர் மீதான ஐயம் ஆகிய மூன்றையும் தாளில் எழுதி, வாங்குபவரின் கையொப்பம் பெற்று, 19,000 திர்ஹமுக்கு விற்றான். 23,000 நட்டம். அவன் அழவில்லை, அவனுடைய உம்மா அழுதாள்.

உண்மையைச் சொன்னவன் அந்த நட்டத்தைத் தனியே சுமக்கிறான். மறைத்தவரோ இன்றும் முதல் வரிசையில் நிற்கிறார். அவருக்கு ஸலாம் சொல்லி நகர்கிறோம். அவரைத் தொழுகையிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. தொழுகை முடிந்தபின் நால்வராய் அவருக்கு அருகில் அமர்ந்து, 'காக்கா, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?' என்று கேளுங்கள் என்கிறேன். நம் ஜமாஅத் நிர்வாகிகள் திருமணத்துக்குப் பதிவேடு வைத்திருப்பதுபோல், நம்மவர்களுக்குள் நடக்கும் வாகன விற்பனைக்குக் குறைகளை எழுதித் தரும் ஒரு தாளையேனும் வழக்கமாக்குங்கள் என்கிறேன்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த 19,000 திர்ஹமில் பரக்கத்தையும், மறைத்துப் பெற்ற 42,000 திர்ஹமைத் திருப்பித் தரும் துணிவை அதைப் பெற்றவருக்கும், கேட்கவேண்டியதைக் கேட்கும் துணிவை நமக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.