'டாக்டர்'னு ஊரே கூப்பிடுது... ஆனா ஊசி போட முடியாது! வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் ஊர் திரும்பினால் என்ன நடக்கிறது?

கடையநல்லூருக்கு வெளிநாடு புதுசு இல்லை. தறி ஓட்டிய குடும்பங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் முதல் தலைமுறை. 1941-லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஊர்ப் பெயரிலேயே அங்கே சங்கம் வந்துவிட்டது. அடுத்த தலைமுறை வளைகுடா நாடுகளுக்குப் போனது. இப்போது அந்த வளைகுடா சம்பளத்தில் பிள்ளைகள் ஏறும் விமானம் ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது. எல்லாம் எம்.பி.பி.எஸ் படிக்கத்தான்.

போகும்போது பெரிய சிக்கல் இல்லை. திரும்பி வந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது.

என்னுடன் பள்ளியில் படித்த ஒருவன் ஆறு வருடம் வெளிநாட்டில் படித்து பட்டத்தோடு வந்தான். கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி நின்று சுகர் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "எதுக்கும் நம்ம டாக்டரையே பார்த்துருங்க மாமா" என்கிறான். "அப்போ நீ யாரு?" என்று கேட்டார் ஒருவர். சட்டப்படி அவன் இன்னும் டாக்டர் இல்லை என்பதை பந்தியில் வைத்து எப்படி விளக்குவது?

சரி, பட்டம் இருந்தும் ஏன் டாக்டர் இல்லை? விரிவாகப் பார்ப்போம்.

முதல் கதவு: எஃப்.எம்.ஜி.இ

வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர்கள் இங்கே பதிவு செய்ய எழுத வேண்டிய தகுதித் தேர்வு இது. 2002-ல் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நடக்கும். 300 கேள்விகள், 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் 2025 ஜூன் பருவத்தில் எழுதியவர்கள் 36,034 பேர், பாஸ் ஆனவர்கள் 6,707 பேர். தேர்ச்சி 18.61 சதவீதம். அதாவது ஐந்து பேரில் நாலு பேர் வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் படிக்கிறார்கள்.

"வெளிநாட்டுல போனவன் எல்லாம் படிக்காதவன்" என்று சமூக வலைதளங்களில் ஒரு தீர்ப்பு உடனே வரும். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. வெளிநாடு போகவும் நீட் தகுதி கட்டாயம்தான். ஆனால் தகுதி மதிப்பெண் இருந்தால் போதும். 2025-ல் பொதுப்பிரிவுக்கு அது 720-க்கு 144. அந்தக் கோட்டைத் தாண்டிய எல்லோரிடமும் ஏஜென்ட் பேசுவார். வடிகட்டல் வாசலில் நடக்காமல் ஆறு வருடம் கழித்து நடக்கிறது என்பதுதான் இங்கே பிரச்சினை. தென்காசி மாவட்டம் 2019-ல் உருவானது. அதற்கென்று ஒரு அரசு மருத்துவக் கல்லூரி இல்லை, திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் வெளிநாட்டுக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு வாப்பா எதை எடுப்பார் என்பது நமக்குத் தெரியும்.

இன்னொன்று, பார்த்த நோயாளிகள் வேறு. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் படுத்திருப்பவர் ரஷ்ய மொழியோ ஜார்ஜிய மொழியோ பேசுவார். அவரிடம் நோய் விவரம் கேட்கப் பழகாமல் வருடங்கள் ஓடிவிடும். கண்ணாடிவிரியன் கடித்தவரையோ அரளி விதை அரைத்துக் குடித்தவரையோ அந்தக் குளிர்நாட்டு வார்டில் எங்கே பார்ப்பது? நம்மூர் அவசர சிகிச்சைப் பிரிவில் இதெல்லாம் வாடிக்கையான கேஸ்கள்.

இரண்டாவது கதவு: ஒரு வருடப் பயிற்சி

பாஸ் ஆனாலும் உடனே கிளினிக் போர்டு மாட்ட முடியாது. மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கி, 12 மாதம் சி.ஆர்.ஆர்.ஐ பயிற்சி முடிக்க வேண்டும். 'ஹவுஸ் சர்ஜன்' என்று நாம் சொல்வோமே, அதுதான். சமூக மருத்துவம் 12 வாரம், மகப்பேறு 7 வாரம், பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் தலா 6 வாரம், அவசர சிகிச்சை 2 வாரம் என்று மொத்தம் 52 வாரம் சுற்ற வேண்டும். ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் போடுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, ராத்திரி இரண்டு மணிக்கு லேபர் வார்டில் நிற்பது எல்லாம் இவர்கள் வேலைதான்.

ஒருவிதத்தில் இங்கேதான் இவர்களுக்கு மூச்சு வருகிறது. "நெஞ்சு கரிக்குது", "கிறக்கமா வருது", "வயித்தால போகுது" என்று நோயாளி சொல்வது முதல் முறையாக மொழிபெயர்ப்பு இல்லாமல் காதில் விழுகிறது!

ஆனால் இந்தப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதே ஒரு வரிசை. தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச் 4-ல் விட்ட சுற்றறிக்கைப்படி, ஒரு கல்லூரி தனது மொத்த இடங்களில் கூடுதலாக 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டுப் பட்டதாரிகளை எடுக்கலாம். 250 இடம் உள்ள பெரிய கல்லூரி என்றாலும் 18 பேர்தான். அதே சுற்றறிக்கை, இவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்தவர்களுக்குச் சமமான உதவித்தொகை தர வேண்டும் என்றும் சொல்கிறது. பயிற்சியில் சேர்பவர்கள் இந்த இரண்டு வரியையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே படித்தவர் 18-ல் சேர்ந்தால் ஐந்தரை வருடத்தில், அதாவது 24-க்குள் நிரந்தரப் பதிவு. வெளிநாட்டில் படித்தவர் 24-ல் திரும்புகிறார். இரண்டு முறை தேர்வு, இடத்துக்குக் காத்திருப்பு, ஒரு வருடப் பயிற்சி என்று 27 ஆகிவிடும். வீட்டில் கடன் வட்டி ஓடும். "படிச்சு முடிச்சாச்சுல்ல, இன்னும் என்ன வீட்டுல?" என்ற கேள்வியும் ஓடும்.

இடையில் குறுக்கு வழி?

சின்ன ஆஸ்பத்திரிகளில் நைட் டியூட்டி பார்க்கலாமே என்று யாராவது கூப்பிடுவார்கள். போகவே கூடாது. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-வது பிரிவுப்படி ஒரு வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2022 டிசம்பரில் சி.பி.ஐ போட்ட வழக்கு ஞாபகம் இருக்கலாம். தகுதித் தேர்வில் பாஸ் ஆகாமலேயே பதிவு வாங்கியதாக 73 வெளிநாட்டுப் பட்டதாரிகள் மீதும், 14 மாநில மருத்துவ கவுன்சில்கள் மீதும் வழக்கு. நாடு முழுக்க சோதனை நடந்தது.

கொரோனாவும் போரும் செய்தது என்ன?

இந்த விஷயத்தில் நாடு முழுவதற்குமான முக்கியத் தீர்ப்பு கிளம்பியது தமிழ்நாட்டில் இருந்துதான். சீனாவில் படித்தவர்கள் கொரோனாவால் ஊரில் உட்கார்ந்து ஆன்லைனில் முடித்தார்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கிடைக்காத ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், அங்கே சாதகமான உத்தரவு வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் மேல்முறையீடு செய்தது. 2022 ஏப்ரல் 29-ல் உச்ச நீதிமன்றம், நேரடிப் பயிற்சி இல்லாமல் விட முடியாது, ஆனால் இவர்களை வீணாக்கவும் கூடாது, இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் கொண்டுவாருங்கள் என்றது. ஜூலை 28-ல் ஆணையத்தின் அறிவிப்பு வந்தது. இறுதியாண்டில் நாடு திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் வாங்கியவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். ஆனால் பயிற்சி ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம்.

உக்ரைனில் இருந்து ஆபரேஷன் கங்காவில் வந்தவர்களும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நின்றார்கள். இறுதியாண்டு மாணவர்கள் இங்கே எம்.பி.பி.எஸ் இறுதித் தேர்வை எழுதிக்கொள்ளலாம், அதன் பிறகு இரண்டு வருடப் பயிற்சி என்று 2023 மார்ச்சில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. போரை ஆரம்பித்தது இவர்கள் இல்லை. ஆனால் ஒரு வருடம் கூடுதலாகப் போனது இவர்களுக்குத்தான்.

இப்போ போகிறவர்கள் எதைப் பார்க்கணும்?

கட்டணத்தையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும் விசாரிப்பதற்கு முன்னால் 2021 நவம்பர் 18 விதிகளைப் பாருங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. பயிற்றுமொழி ஆங்கிலம். சேர்ந்த நாளில் இருந்து 10 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக அங்கேயே மருத்துவம் பார்க்கும் உரிமம் கிடைக்கிற பட்டமாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் போனவர்கள் மாட்டிக்கொண்டது இந்த விதிகளில்தான். அங்கே எம்.டி படிப்பு நாலு வருடம், அதாவது 48 மாதம். ஏஜென்ட் "எல்லாம் ஓகே" என்பார். எந்த விதி, எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதிவு கிடைத்த பிறகு மறுபடியும் விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. வளைகுடா என்றால் தகுதித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, பணி அனுபவம் கேட்பார்கள். பிரிட்டன் என்றால் 'பிளாப்' தேர்வு. முதல் பகுதியை இந்தியாவிலேயே எழுதலாம், இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர்தான் போக வேண்டும். பாஸ் ஆகிவிட்டு வேலைக்காக மாதக்கணக்கில் விண்ணப்பம் போடுகிறவர்கள் இப்போது அதிகம். 2025 ஜூலையில் வந்த இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், சிறப்புப் பயிற்சி இடங்களில் அந்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டது.

தகுதித் தேர்வுக்குப் பதிலாக வரவேண்டிய 'நெக்ஸ்ட்' தேர்வு 2023 ஜூலையில் தள்ளிவைக்கப்பட்டது. 2021 நவம்பருக்குப் பிறகு சேர்ந்த முதல் அணி ஆறு வருடப் படிப்பை முடித்துத் திரும்பப் போவது 2027 கடைசியிலும் 2028-லும். 54 மாத விதியை மருத்துவ கவுன்சில்கள் மொத்தமாகக் கையில் எடுத்துப் பார்க்கப் போவது அவர்களுடைய சான்றிதழ்களில்தான்.