பழைய காற்றுத் துப்பாக்கியும் கொய்யாத் தோட்டமும்

பாட்டனார் காலத்தில் வாங்கிப் பரணில் போட்டுவைத்த காற்றுத் துப்பாக்கியை இறக்கித் துரு துடைத்து, எண்ணெயிட்டு, தோட்டத்துக்கு வரும் குரங்கையும் கிளியையும் மயிலையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று எண்ணுகிறவர்களும், அப்படியொன்று வீட்டில் வாய்க்காதபடியால் ஜெர்மன் டயானாவா, இங்கிலாந்து பி.எஸ்.ஏ.வா, பம்பாய் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியார் செய்த ஐ.எச்.பி.யா, பழையதில் எது உத்தமம் என்று விசாரிக்கிறவர்களும் திருத்தணிப் பக்கத்திலும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் மாந்தோப்புகளிலும் உண்டு. அவர்களுடைய கோபம் அநியாயமானது என்று சொல்ல நான் வரவில்லை. விதைத்த வேர்க்கடலையை மயில் கிளறித் தின்றுவிட்டுப் போன பாத்தியை விடியற்காலையில் பார்த்து நிற்கும் குடியானவனிடம் ஜீவகாருண்யம் பேசுவது, வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உபவாச மகிமையை உபதேசிப்பது போன்றது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அவர்கள் தேடும் சாதனம் சரியானதல்ல என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். பழைய காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குழலை மடக்கி இழுக்கும் ஜாதி. மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கிப் பிஸ்டனோடு பின்னுக்குப் போய் நிற்கும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து நெருக்குகிற காற்றுத்தான் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் நுனியிலுள்ள தோல் வாஷரே இதன் உயிர்நிலை. பல வருஷம் எண்ணெய் காணாமல் காய்ந்த தோல் விளிம்பில் சுருங்கிக் காற்றைக் கோட்டைவிடும். அவசரப்பட்டு எண்ணெயை அதிகமாக விட்டாலோ, நெருக்கத்தின் உஷ்ணத்தில் அது பற்றிக்கொண்டு, குழல்வாயில் புகையும் கருகல் வாடையும் எழ, குண்டு ஒரு தரம் சீறிப் போகும், மறு தரம் சோர்ந்து விழும். ஆகையால் வாங்குகிறவர் பொறித்திருக்கும் பெயரில் மயங்காமல், மடக்கி நிமிர்த்தும்போது மூட்டில் ஆட்டம் உண்டா, ஸ்பிரிங் உரசுகிறதா, குழலின் உள்வரிகளைத் துரு தின்றிருக்கிறதா என்று பார்த்து, பத்து மீட்டரில் காகிதத்தின்மேல் ஐந்து குண்டு சுட்டு, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய இடத்துக்குள் அவை விழுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். குண்டில்லாமல் மட்டும் சுட்டுப் பார்க்கக் கூடாது. எதிர்ப்பின்றி மோதும் பிஸ்டன் தன்னையே கெடுத்துக்கொள்ளும்.

இத்தனையிலும் தேறிய துப்பாக்கியும் தோட்டத்துக்கு ஆகாது. அதன் குண்டு குரங்கின் சதையில் புகுந்து தங்கும், பெரும்பாலும் கொல்லாது. புண் சீழ் பிடித்து அது எங்கோ ஒரு பாறையிடுக்கில் பல நாள் கிடந்து சாகும். காட்டுப்பன்றிக்கோ உறைக்கவே உறைக்காது.

அடுத்தது சட்டம். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. இதைக் கேட்டவர்கள் எதையும் சுடலாம் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள்; வைத்திருக்க அனுமதி வேறு, சுட அனுமதி வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மாத்திரமன்றிக் காயப்படுத்துவதையும், அதற்கு முயல்வதையும்கூட வேட்டை என்றே கருதுகிறது. குரங்கும் கிளியும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. மயில் முதல் அட்டவணையில் உள்ளது, அதற்குத் தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ஆனால் இந்தச் சட்டம் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. இங்கிலாந்தில் தோட்டத்தைக் கெடுக்கும் காட்டுப்புறாவைப் பொது அனுமதியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் காற்றுத் துப்பாக்கியால் சுடலாம். அந்நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கே கொய்யாமரத்தடியில் பதுங்குகிறவர் வனச்சரகரின் விசாரணைக்குத்தான் ஆளாவார். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் வனவிலங்கைக் காக்க அரசாங்கமே காற்றுத் துப்பாக்கி ஒப்படைப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்க, ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஜனங்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சுடுவதற்கென்று மிஞ்சுவது எலியும் பெருச்சாளியும்தான். இருட்டில் சுவரோரம் ஓடும் பெருச்சாளியைக் குறி பார்க்கிறவர், குண்டு கருங்கல்லில் பட்டுத் தெறித்தால் யார் கண்ணுக்கு ஆபத்து என்பதையும் யோசிக்க வேண்டும். தஞ்சாவூர் எலிக்கிட்டியும், வயலில் ஆந்தை வந்து உட்கார நட்டுவைக்கும் குச்சியும் அதைவிட அதிகம் சாதிக்கும்.

விரட்டுவது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. முருகன் வள்ளியை மணந்த தலமென்று நாம் கொண்டாடும் திருத்தணி மலையின் நாயகி, பரண்மேல் நின்று கவண் வீசி, ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்தவள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் என்று கிளி கடியும் கருவிகள் வருகின்றன. அவை எல்லாம் சப்தம் எழுப்பி ஓட்டுவதற்கு ஏற்பட்டவை. எந்தச் சப்தமும் நாலு நாளில் பறவைக்குப் பழகிவிடும் என்பது உண்மை. ஆதலால் இன்று தகரம், நாளை மினுங்கும் நாடா என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொய்யாவுக்குப் பிஞ்சிலேயே வலைப்பையோ காகிதப்பையோ கட்டிவிடலாம். கூலி ஆகும், பழம் மிஞ்சும்.

அப்படியானால் பரணில் கிடக்கும் துப்பாக்கி? அதைப் பழுது பார்த்துக் காகிதத்தில் சுடுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கிளியைச் சுட்ட சாமர்த்தியத்தைவிட இது பெரிது.

குரங்கு விஷயத்தில் மட்டும் வலையும் தகரமும் பலிக்கமாட்டா. மலைக்கு வருகிற பக்தர்கள் தேங்காய்ச் சில்லையும் வாழைப்பழத்தையும் கையிலேயே நீட்டிப் பழக்கிய குரங்குகள்தாம், கூட்டமில்லாத நாளில் பசியோடு தோட்டங்களில் இறங்குகின்றன. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31-ஆம் தேதிப் படித்திருவிழாவுக்கும் வருகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பழத்தைப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குக் கொடுங்கள்.