பாடத் தகுந்தது எது?

சென்ற ஆண்டு ஒரு கலைவிழாவின் தனிப்பாடற் போட்டிக்கு நாம் நடுவராகச் சென்றிருந்தோம். பாடிய மாணவியர் பதினொருவர். அவர்கள் பாடிய உருப்படிகள் பதினொன்றும் ஆண்கள் இயற்றியவை. வெல்லாவெளியிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி அம்புஜம் கிருஷ்ணாவின் பாட்டொன்றைப் பயின்று வந்திருந்தாள். “அது துக்கடா, கீர்த்தனை ஏதேனும் பாடு” என்று மேடையேறுமுன்னரே சொல்லிவிட்டனர். அரைகுறையாகத் தெரிந்த தெலுங்குக் கிருதி ஒன்றைத் தொடங்கிய பிள்ளை, சரணத்தில் நின்று போனாள். அவள் தோற்றாள் என்பதன்று நம் வருத்தம். தோற்கடிக்கப்பட்ட விதமே வருத்தம்.

அம்புஜம் கிருஷ்ணா 1917இல் பிறந்து 1989இல் மறைந்தவர், மதுரையில் வாழ்ந்தவர். நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதினார். எஸ். இராமநாதன், மதுரை என். கிருஷ்ணன், டி. என். சேஷகோபாலன் போன்ற வித்துவான்கள் அவற்றுக்கு இராகம் அமைத்தனர். அவை பெரும்பாலும் பக்திப் பாடல்கள். நம் முற்போக்கு நண்பர்கள் முகஞ் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தியாகையர் பாடியதும் பக்தியே.

“மெட்டுப் பிறருடையது, ஆகவே அவர் வாக்கேயக்காரர் அல்லர்” என்பர் பண்டிதர். நன்று. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்துக்கு இசை வகுத்தவர்கள் அவருடைய மாணவர்கள். பின்னாளில் அரியக்குடியார் அவற்றுட் சிலவற்றுக்குப் புதிய வர்ணமெட்டு அமைத்தார். அதனால் எந்தச் சபையாவது கவிராயரைத் துக்கடாப் பகுதிக்குத் தள்ளிற்றா? ஆணுக்கு ஒரு தராசு, பெண்ணுக்கு வேறொரு தராசா?

பெண்ணுக்கு இசை இயற்றும் மரபில்லை என்போர், காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகங்களுக்கு நட்டபாடை, இந்தளம் என்று பண் வகுக்கப்பட்டிருப்பதை ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். தேவார மூவருக்கும் முந்தியவர் அவர். ஐரோப்பாவிலும் இந்தக் கதைதான். ஜெர்மனியில் ஃபானி மெண்டல்சோன் (1805–1847) இயற்றிய பாடல்கள் சில, அவர் தம்பி பீலிக்ஸின் பெயரில் அச்சேறின. விக்டோரியா மகாராணி 1842இல் பீலிக்ஸின் முன் தமக்குப் பிடித்த பாட்டொன்றைப் பாடியபோது, அது தமக்கையினுடையது என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நம் மண்ணுக்கு வருவோம். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். அரசனை எதிர்த்து ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. படிப்பவரோ பெரும்பாலும் ஆண்கள். அதே படுவான்கரையில், சாவீட்டில் ஒரு தாய் இறந்த மகனின் பெயரையும் வேலையையும் அவன் விட்டுச் சென்ற கடனையுங்கூட அடுக்கி, அந்தக் கணத்திலேயே சொல்லும் இசையும் கட்டி ஒப்பாரி வைக்கிறாள். தனிக்குரல், தானே இயற்றியது, அன்றே இயற்றியது. இதைவிடச் சமகாலப் படைப்பு வேறென்ன? வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியதுபோலச் சிலர் இம்மண்ணின் பாடல்களை ஏட்டில் ஏற்றினர். ஆனால் தொகுப்புகளில் பாடியவள் பெயர் பெரும்பாலும் இராது. “நாட்டார் பாடல்” என்றிருக்கும். ஊர் முழுவதும் கூடி ஒரே வாயால் பாடியதுபோல!

தமிழிசை இயக்கத்தை நாம் மதிக்கிறோம். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1947இல் காரைதீவு தந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. எம்மொழியில் பாடுவது என்று அவ்வியக்கம் கேட்டது. யார் இயற்றியதைப் பாடுவது என்று அது கேட்கவில்லை. இன்று இசைவகுப்புகளை நிரப்புவோர் பெண்பிள்ளைகள். ஆசிரியர்களிற் பலரும் பெண்கள். அவர்கள் இயற்றினால் பாட மேடையில்லை. மேடையில் பாடப்படாததால் “தரமில்லை” என்ற தீர்ப்பு. நெல்லை விதைக்கவிடாமல் விளைச்சலைக் கேட்கும் நியாயம் இது. பெண் எழுதியதெல்லாம் உயர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. பாடிப் பார்த்துத் தள்ளுங்கள், பாடாமலே தள்ளாதீர்கள் என்கிறோம்.

போட்டி விதிகளில் இரண்டு திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறோம்: உருப்படியை மாணவியே தெரிவு செய்தல், உயிரோடிருக்கும் பெண்ணொருத்தி இயற்றிய பாட்டொன்றையேனும் பட்டியலிற் சேர்த்தல். எழுதி ஐந்து மாதமாகிறது. பதில் இல்லை. வெல்லாவெளிச் சிறுமி அதே பாட்டை இன்னும் சாதகம் செய்துகொண்டிருக்கிறாள்.