குளியலறையில் எது சொகுசு?

மணப்பாறையிலும் புதுமனை கட்டுவோர் விசாலமான குளியலறையை விரும்புகின்றனர். நல்லதே! ஆயினும், குளியல் தொட்டியை ஒருமுறை நிரப்பவே ஏறத்தாழ 150 லிட்டர் நீர் வேண்டும். நம்முடையதோ மழை பொய்த்தால் கிணறு வற்றும் வட்டாரம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாவு, அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர் நீரிலேயே குளித்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன.

தொட்டிக்கு ஆகும் செலவில் வழுக்காத தரை ஓடு, சுவரில் எஃகுக் கைப்பிடி, அமர்ந்து ஒளுச் செய்யத் திண்ணை, அதற்கேற்ற தாழ்ந்த குழாய், ஈரம் உலர உயரத்தில் ஒரு சாளரம் ஆகியவற்றை அமையுங்கள். முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் பழையபடி நடமாடுவது பலருக்குக் கடினம். பஜ்ருத் தொழுகைக்கு எழும் அத்தா, எவர் துணையுமின்றி ஒளுச் செய்து திரும்புவதைவிடப் பெரிய சொகுசு நம் இல்லத்திற்கு வேறென்ன?