பத்து சதவீத நேர்மை

மாணவர்கள் யந்திரத்தை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள் என்று நமது பல்கலைக்கழகங்களில் ஒரே கூக்குரல். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து கல்வியின் ஒழுக்கம் கெட்டுவிட்டதாம். அதற்கு முன் கெடாமல் இருந்ததா?

நோட்ஸை நெட்டுருப் போட்டு விடைத்தாளில் கக்கியவனுக்கு முதல் வகுப்பு கொடுத்தவர்கள் இவர்கள். இரண்டு ஆய்வேடுகளிலிருந்து மூன்றாவது பிறப்பதைக் கண்டும் காணாமல் கையெழுத்திட்டவர்கள். ஏற்கெனவே எழுதப்பட்ட கோடிக்கணக்கான வாக்கியங்களில் பயின்று, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துக்கொண்டு போகிறது யந்திரம். ஒரு நாவலைப் பற்றிக் கேட்டால், 'சமூகத்தின் கண்ணாடி', 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று தமிழில் ஒப்பிக்கிறது. இந்தத் தமிழ் எனக்குப் புதிதல்ல. கருத்தரங்கக் கோவைகளில் வருஷக்கணக்காக வாசித்துச் சலித்ததுதான்.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு நேர்மையைச் சதவீதக் கணக்காக்கியது. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவு ரத்து. வார்த்தைகள் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. சிந்தனை இருக்கிறதா என்பதற்குச் சதவீதம் கிடையாது. யந்திரமோ ஒவ்வொரு தடவையும் வார்த்தைகளை மாற்றிப் போடுகிறது. இந்தக் கணக்கில் அதைவிட உத்தமன் யார்?

இப்போது யந்திரத்தைப் பிடிக்க இன்னொரு யந்திரமாம். தான் செய்த அத்தகைய கருவியை, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனமே விலக்கிக்கொண்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் யந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. காரணம், சொல்வளம் குறைந்த எளிய எழுத்து. தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைகளில் ஆங்கிலம் எழுதும் நமது கிராமத்துப் பையன் இந்தக் கருவிகளிடம் அகப்பட்டால் அவன் கதி என்ன?

அவனுடைய திணறல்தான் எனக்கு முக்கியம். வாக்கியம் நகராமல் நிற்கும் இடத்தில்தான், விஷயம் புரியவில்லை என்பது ஒருவனுக்குத் தன் பிரக்ஞையில் உறைக்கிறது. கல்வி அங்கே துவங்குகிறது. யந்திரம் அபகரிப்பது அந்த இடத்தை. ஆகவே நான் யந்திரத்தின் கட்சி அல்ல. ஆனால் அந்த இடத்தை மாணவனுக்கு ஒரு நாளும் கொடுத்திராதவர்கள், அது பறிபோகிறதென்று அழுவதைச் சகிக்க முடியவில்லை. கொடுத்த ஆசிரியர்கள் சிலரை அறிவேன். அவர்கள் இந்தக் கூச்சலில் இல்லை.

வழி பழையதுதான். மாணவனை எதிரே உட்காரவைத்து, அவன் எழுதியதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள். எவ்வளவு அவனுடையது என்பது ஐந்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும். வகுப்பில் அறுபது பேர், நேரமில்லை என்பார்கள். நேரம் ஒரு தடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய தடை வேறு: அப்படிப் பேசுவதற்குப் பேராசிரியர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும். மூலநூலையும்.